பொறியும் பொருளும்

பொறியியல் கற்ற இளைஞர் அத்துறையை விடுத்துப் பாங்கியிலும் நிதிக் கம்பெனியிலும் உத்தியோகம் தேடிப் போதல் தகுமோ என்னும் வினா, இந்நாளில் நம் குலத்தார் வீடுதோறும் எழுந்து நிற்கின்றது. இரும்புவேலை, மரவேலை, செம்பு வெண்கல வேலை, கல்வேலை, பொன்வேலை என்னும் ஐந்தொழிலையும் தாயமாகப் பெற்றவர் நாம். உலைமுகத்தில் நின்று உழைத்த தந்தை தம் மகனைக் கல்லூரிக்கு அனுப்பியது, அவன் தம்மினும் பெரிய உலையையும் பெரிய பொறியையும் ஆளுதற்பொருட்டே. அங்ஙனம் அனுப்பப்பட்ட மகன், நான்காண்டு இயந்திரநூல் பயின்று பட்டமும் பெற்றபின், கடன் கணக்கும் பங்குக் கணக்கும் பார்க்கும் இடத்திற் போய் அமர்வானாயின், "இதற்கோ இத்தனை செலவு?" என்று தந்தை மனம் நோதல் இயல்பே. நம் சங்கத்தின் கல்வி நிதியினின்று உதவி பெற்றுப் பொறியியல் பயின்ற பிள்ளைகள் வேறு துறை புகுவராயின், அவ்வுதவி வீண்போயிற்று என்று கொள்வதோ எனவும் அன்பர் சிலர் கேட்கின்றனர். உதவியைத் திரும்பக் கேட்டல் வேண்டும் என்பாரும் உளர்.

இவ்வினாவினுள் இரண்டு ஐயங்கள் அடங்கியிருத்தலைக் காண்கின்றோம். பொறியியற் கல்வி நிதித்துறையிற் பயன்படாது கழியும் என்பது ஒன்று. பொருளைச் செய்தல் தொழிலாகும், பணத்தைக் கொண்டு பணம் பண்ணுதல் தொழிலாகாது, அஃது அறத்திற்கு அணித்தும் அன்று என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை கூறல் எளிது. பின்னதற்கு விடை கூறல் அரிது. யாம் எம் விருப்பு வெறுப்பினின்று விடை கூற முற்படாது, பொறிக்கும் பொருளுக்கும் இடையே வாழ்ந்த மாந்தர் சிலரது வரலாற்றையே சான்றாகக் கொண்டு இவ்விரண்டையும் ஆராய்வாம். வரலாறு முகமன் கூறாது. நன்றையும் தீதையும் உள்ளவாறே காட்டும்.

முதற்கண், ஐரோப்பாவில் பிளாண்டர்ஸ் நாட்டுப் புரூஜ் நகரில் 1548-ஆம் ஆண்டிற் பிறந்த சீமோன் ஸ்டெவின் என்பாரை நோக்குவோம். இவர் இளமையில் ஆன்ட்வெர்ப் நகரில் வணிகர்க்குக் கணக்கெழுதியவர். பின்னர் ஆலந்து நாட்டில் நீரிறைக்கும் காற்றாலைகளைத் திருத்தி அமைத்தவர். இளவரசர் மௌரிஸ் என்பாரின் படைக்கு எஞ்சினீயராய் விளங்கியவர். நிறுத்தற்கலை பற்றி 1586-இல் இவர் வெளியிட்ட நூல், சாய்தளத்தின்மேல் நிற்கும் பாரம் எங்ஙனம் சமநிலை எய்தும் என்பதை விளக்கிப் புகழ்பெற்றது. அதற்கு நான்காண்டின் முன்னர், 1582-இல், இவரே வெளியிட்ட மற்றொரு நூல் வட்டி வாய்பாடாகும். வட்டி வாய்பாடுகள் அதற்கு முன்னும் இருந்தன. ஆயினும் பாங்கித் தொழில் புரிந்தோர் அவற்றைக் கையெழுத்துப் படிகளாக வைத்துக்கொண்டு, பிறர் அறியாவண்ணம் மறைத்துப் போற்றினர். ஸ்டெவின் அக்கணக்கை விளக்கி அச்சிட்டு, எழுத்தறிந்தார் எவர்க்கும் எட்டச் செய்தார். 1585-இல் தசமபின்னத்தை விளக்கி ஒரு சிறு நூல் எழுதி, அதனை வானநூலார்க்கும் நிலமளப்பார்க்கும் நாணயச்சாலைத் தலைவர்க்கும் வணிகர்க்கும் ஒருங்கே உரிமையாக்கினார். இவர் தம் நூல்களைப் பெரும்பாலும் கற்றோர் மொழியாகிய இலத்தீனில் எழுதாது, தாய்மொழியாகிய டச்சு மொழியிலேயே எழுதினார். கணித நூலுக்கு அந்நாட்டார் இன்றும் வழங்கும் சொல் இவர் ஆக்கிய சொல்லின் வழிவந்ததே. தமிழாசிரியராகிய எமக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி தருவதாகும்.

வட்டிக் கணக்கில் ஸ்டெவின் காட்டிய நெறியின் சாரம் இது. இன்று கைக்கு வரும் ஒரு ரூபாயும் ஓராண்டு கழித்து வரும் ஒரு ரூபாயும் ஒன்றாகா. எனவே வெவ்வேறு காலத்து வரும் தொகைகளையெல்லாம் இன்றைய மதிப்பிற்குக் கொணர்ந்து நிறுத்த பின்னரே, ஒன்றோடொன்று ஒப்பிடுதல் வேண்டும். நெம்புகோலில் தொலைவு மாறப் பாரத்தின் ஆற்றல் மாறுவதுபோல, காலத்தின் தொலைவு மாறப் பணத்தின் எடையும் மாறும் என்க.

இக்கணக்கின் பயனை நம் தெருவிலேயே காணலாம். பட்டறைக்காரர் ஒருவர் வாரத் தண்டலுக்கு ரூ. 10,000 கடன் வாங்குகின்றார் என்று கொள்வோம். ரூ. 1,000 முன்னதாகவே பிடித்துக்கொள்ளப்பட்டு, ரூ. 9,000 அவர் கையிற் கொடுக்கப்படுகின்றது. வாரம் ரூ. 1,000 வீதம் 10 வாரத்திற் கடன் தீர்கின்றது. "நூற்றுக்குப் பத்துத்தானே" என்று அவர் எண்ணி அமைதி கொள்கின்றார். ஆயின் அந்த ரூ. 9,000-மும் 10 வாரம் முழுதும் அவர் கையில் நிற்கவில்லை. வாரந்தோறும் அது குறைந்துகொண்டே வருகின்றது. சராசரியாக ஏறத்தாழ ரூ. 5,000 மட்டுமே அவர்பால் நின்றது. ரூ. 5,000-க்குப் பத்து வாரத்து வட்டி ரூ. 1,000 எனின், ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு நூறு என்னும் அளவையும் கடந்ததாகும். இவ்வுண்மை அறியாமையால் துருத்தியும் பட்டடையும் அடகுக்குப் போன குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! விட்டம் ஒன்று எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணிக்கப் பயின்ற மாணவனுக்கோ, இக்கணக்கு அரை நாழிகை வேலை. ஆதலின், பொறியியற் கல்வி நிதித்துறையில் வீணாகும் என்னும் முதல் ஐயம் நில்லாது.

இரண்டாவது ஐயம் அத்துணை எளிதில் நீங்குவதன்று. அதனை ஆராய்தற்கு நம் ஐந்தொழிலுள் ஒன்றாகிய பொற்பணியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1640-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்ஸ், இலண்டன் கோபுரத்து நாணயச்சாலையில் வணிகர் வைத்திருந்த பொன் வெள்ளிகளைத் தம் தேவை குறித்துத் தடுத்து வைத்தார். பின்னர் அவை விடுவிக்கப்பட்டன எனினும், வணிகரின் நம்பிக்கை போயிற்று. சின்னாளில் உள்நாட்டுப் போரும் மூண்டது. வலிய பெட்டகமும் காவலும் உடையவர் அந்நகரத்துப் பொற்கொல்லரே ஆதலின், செல்வர் தம் பணத்தை அவர்பால் அடைக்கலமாக வைக்கத் தலைப்பட்டனர். அடைக்கலத்திற்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டுக் கைமாறிக் கைமாறிப் பணம்போலவே வழங்கலாயிற்று. வைத்தவர் அனைவரும் ஒரே நாளில் வந்து கேளார் என்பதைப் பட்டறிவாற் கண்ட பொற்கொல்லர், ஒரு பகுதியைக் கையில் நிறுத்திக்கொண்டு மற்றதை வட்டிக்குக் கொடுத்தனர். இங்ஙனம் உலைமுகத்தினின்று எழுந்து சென்றவரே அந்நாட்டின் பழைய பாங்கியருள் தலையாயவர் ஆயினர்.

அவர்க்கு நேர்ந்த கேடும் அறியத்தக்கது. இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் அரசாங்கத்திற்கு அவர் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தனர். வட்டி மிகுதி; கடன் கொள்வோரோ நாட்டிற்கே மன்னர்; இதனினும் உறுதியான இடம் ஏது என்று அவர் கருதினர். 1672-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அரசாங்கக் கருவூலம் கடன் திருப்பித் தருதலை நிறுத்திவிட்டது. அன்று அகப்பட்டுக்கொண்ட தொகை ஏறத்தாழ 13 இலட்சம் பவுன். சர் ராபர்ட் வைனர் என்னும் ஒரு பாங்கியர்க்கே 4 இலட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டியிருந்தது. அவர் பின்னர் முறிந்துபோனார். அவரைப் போன்றாரை நம்பிப் பணம் வைத்த குடும்பங்களும் அல்லலுற்றன. பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுக் காணாது ஒரு குன்றிமணியும் வாங்காத அப்பொற்கொல்லர், கடன் கொள்வாரை உரைத்துப் பாராது விட்டனர். தொழிலை மாற்றியதனால் அவர்க்குக் கேடு வந்ததன்று. பழைய தொழிலின் தலையாய பழக்கத்தைப் புதிய தொழிலுக்குக் கொண்டுசெல்லாமையாலே வந்தது.

இனி, எஞ்சினீயர் தொழிலினின்று நேரே பொருட்டுறைக்குப் பெயர்ந்த ஒருவரைக் காண்போம். ஸ்காட்லாந்து நாட்டில் 1759-ஆம் ஆண்டிற் பிறந்தவர் வில்லியம் பிளேஃபேர். கதிரடிக்கும் பொறியை இயற்றிய ஆண்ட்ரு மீக்கிள் என்னும் ஆலைத்தச்சரிடம் இவர் தொழில் பயின்றார். 1777-ஆம் ஆண்டில் நீராவிப் பொறி வல்லுநர் ஜேம்ஸ் வாட் என்பாரிடம் படம் வரைவோராய் அமர்ந்தார். சில ஆண்டுகளில் அவ்வேலையை விட்டு இலண்டன் சென்று வெள்ளி வேலைக் கடை வைத்தார், அது நிலைபெறவில்லை. பின்னர் 1786-இல் வாணிபத்தையும் அரசியலையும் பற்றிய படநூல் ஒன்றை வெளியிட்டார். இங்கிலாந்து பல நாடுகளோடு நடத்திய ஏற்றுமதி இறக்குமதிகளை, ஆண்டுவாரியாக ஏறி இறங்கும் கோடுகளாக அதில் வரைந்து காட்டினார். ஸ்காட்லாந்திற்கு மட்டும் ஓராண்டுக் கணக்கே கிடைத்தமையின், அதனைப் பட்டை பட்டையாக நீட்டி வரைந்தார். 1801-இல் வட்டத்தைப் பங்கிட்டுக் காட்டும் படத்தையும் வெளியிட்டார். இன்று செய்தித்தாளிலும் பள்ளிப் புத்தகத்திலும் பாங்கிகளின் ஆண்டறிக்கையிலும் நாம் காணும் கோட்டுப்படம், பட்டைப்படம், வட்டப்படம் ஆகிய மூன்றும் இவர் கைவண்ணத்தினின்று தோன்றி வளர்ந்தவையே. பொறியின் உறுப்புக்களை அளவு பிசகாது வரைந்து பழகிய கை, நாட்டின் வரவு செலவை வரைந்து காட்டிற்று. எண்களின் நீண்ட அட்டவணையைப் படித்து மயங்கிய மாந்தர் கண்ணால் ஒருமுறை நோக்கியே உண்மை தெளியலாயினர். தொழில் மாறியமையால் உலகிற்கு விளைந்த நன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆயின் இவரது வாழ்வின் மறுபக்கம் வேறாக இருக்கின்றது. 1789, 1790-ஆம் ஆண்டுகளில் இவர் பாரிஸ் நகரிலிருந்து, அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றங்கரை நிலங்களைப் பிரெஞ்சுக் குடிகளுக்கு விற்கும் சியோட்டோ கம்பெனியின் தரகராய் உழைத்தார். வீடு வாசல்களை விற்றுக் கடல் கடந்து சென்ற அக்குடிகள், அங்குப் போய்ச் சேர்ந்தபின், தாம் விலை கொடுத்துப் பெற்ற பத்திரங்கள் நிலவுரிமை தாராமை கண்டு கலங்கினர். விற்ற பணத்தில் ஒரு பகுதியைப் பிளேஃபேர் கைக்கொண்டார் என்னும் பழியும் எழுந்தது. 1797-இல் இலண்டனில் கூட்டாளியோடு சேர்ந்து இவர் நிறுவிய பாங்கியும் விரைவில் முறிந்தது. கடனுக்காகச் சிறையும் புகுந்த இவர் 1823-ஆம் ஆண்டில் வறுமையில் இறந்தார். பிறர் கணக்கைப் பளிங்குபோற் காட்ட வல்லவர் தம் கணக்கை இருளில் வைத்தார். கல்வியின் கூர்மை மட்டும் ஒருவனைக் காவாது என்பதற்கு இவ்வரலாறு போதிய சான்றாம். எனவே, நிதித்துறை புகுவாரைப் பற்றி நம் முதியோர் கொள்ளும் அச்சம் அடிப்படை இல்லாததன்று என்பதை யாம் உடன்படுகின்றோம்.

அங்ஙனமாயின், பொறியினின்று பொருளுக்குப் போவார் எதனைக் கைவிடாது பற்றின் நன்னெறியில் நிற்பர்? இதற்கு விடை தருவது வோபான் என்னும் பிரெஞ்சு எஞ்சினீயரின் வரலாறு. 1633-இல் எளிய நிலையிலிருந்த ஒரு குடியிற் பிறந்த இவர், பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைத் துறைக்குத் தலைவராய் உயர்ந்து, 1703-இல் மார்ஷல் என்னும் உயர்ந்த படைப்பட்டமும் பெற்றார். இவர் நடத்திய முற்றுகைகள் ஏறத்தாழ 50. எழுப்பியும் திருத்தியும் வலுப்படுத்திய அரண்கள் 150-க்கு மேற்பட்டன. அவற்றுள் 12 இடங்களை 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

கோட்டை கட்டும் பணிக்காக நாடு முழுதும் பன்முறை சுற்றிய வோபான், மதிலை மட்டும் அளந்து திரும்பினார் அல்லர். சென்ற ஊர்களில் மக்கள் எத்தனை பேர், மாடு ஆடு எத்தனை, விளைநிலம் எவ்வளவு, தரிசு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். குடிக்கணக்கு எடுக்கும் முறையை விளக்கி 1686-இல் ஒரு சிறு நூல் இயற்றினார். தம் பிறப்பிடத்தை அடுத்த வெசலே வட்டத்தைப் பற்றி 1696-இல் அங்ஙனமே ஒரு விரிவான கணக்குத் தொகுத்தார். அதற்குச் சில ஆண்டின் முன்னர், 1693, 1694-ஆம் ஆண்டுகளில், பெரும் பஞ்சம் ஒன்று பிரான்சு நாட்டைச் சூறையாடியிருந்தது. இவர் கண்ட முடிவு நெஞ்சை உருக்குவது. குடிகளைப் பத்துப் பங்காகப் பகுத்தால் ஏறத்தாழ ஒரு பங்கினர் இரந்துண்கின்றனர். ஐந்து பங்கினர் இரப்பவர்க்கு இட இயலாத வறுமையினர். மூன்று பங்கினர் கடனாலும் வழக்காலும் நெருக்குண்டவர். எஞ்சிய ஒரு பங்கினரே ஓரளவு நலமாய் வாழ்பவர் என்று அவர் எழுதினார்.

இதற்குக் காரணம் என்னை என்று தேடிய அவர், வரி இறங்கும் இடத்தைக் கண்டார். உயர்குடிச் செல்வரும் குருமாரும் நேர்வரிக்குப் பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்தனர். சலுகை பெற வழியுடையோர் சுமையைப் பிறர்மேல் தள்ளினர். ஆகவே ஏழை உழவன்மேல் அது முழுதும் இறங்கிற்று. ஒரு பசு வாங்கினாலும், "இவன் வசதி பெற்றான்" என்று வரியைக் கூட்டிவிடுவரே என அஞ்சி அவன் வாங்காது நின்றான். வரி கட்டாதவன் வீட்டில் பண்டங்களை விற்றபின் கதவையும் கழற்றிச் சென்றனர். மதிலின் பாரம் முழுதும் ஒரு மூலையில் இறங்குமாயின் அம்மூலை பிளக்கும். பிளந்தபின் மதில் முழுதும் சாயும். கொத்தனார் யாவரும் அறிந்த இவ்வுண்மையை அரசிறைக்குப் பொருத்திக் கண்டவர் வோபான் என்று கூறுதல் பொருந்தும்.

அவர் காட்டிய மருந்து மிக எளிது. பழைய வரிகளுட் பலவற்றை நீக்கி, உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வேறுபாடின்றி எல்லாரும் தத்தம் வருவாய்க்கேற்ப, இருபதில் ஒரு பங்கிற்குக் குறையாமலும் பத்தில் ஒரு பங்கிற்கு மிகாமலும் இறை செலுத்தல் வேண்டும் என்றார். விளைவில் ஆறில் ஒன்று அரசிறை என்னும் நம் நாட்டுப் பழைய வழக்கை அறிந்த நமக்கு, இக்கருத்து வியப்பன்று. ஆயினும் சலுகையிலேயே வாழ்ந்தார்க்கு அஃது இடியேறாய்த் தோன்றிற்று. அரசாங்க அனுமதியின்றி அச்சிடப்பட்ட அந்நூலைப் பறிமுதல் செய்யுமாறு 1707-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மன்னர் அவை ஆணை பிறப்பித்தது. அடுத்த மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாளில் வோபான் பாரிஸ் நகரில் இறந்தார். மூன்றாண்டு கழித்து, 1710-இல், போர்ச்செலவுக்கு வழி காணாத அரசாங்கம் பத்தில் ஒன்று என்னும் பெயராலேயே ஒரு வரி விதித்தது. ஆனால் பழைய வரிகளை நீக்காது அவற்றின்மேல் இதனையும் ஏற்றிற்று. மருந்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நோயை வளர்த்தமை காண்க. 1789-ஆம் ஆண்டுப் புரட்சியிலேதான் அச்சலுகைகள் ஒழிந்தன.

வோபான் எழுபது ஆண்டைக் கடந்த முதுமையில், பட்டமும் பெருமையும் நிறைந்திருந்த காலத்தில், தமக்கு யாதொரு பயனும் கருதாது இந்நூலை வெளியிட்டார். பாரம் யார்மேல் இறங்குகின்றது என்னும் வினாவை அவர் கைவிடவில்லை. பிளேஃபேர்க்கும் இவர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே. கணக்குத்திறன் இருவர்க்கும் உண்டு. அவ்வினா ஒருவரிடமே நின்றது.

நம் நாட்டிலேயே, நம் அண்டை நாடாகிய மைசூரில், இதற்கொரு சிறந்த எடுத்துக்காட்டு உளது. சர் மோட்சகுண்டம் விசுவேசுவரையா 1884-இல் பம்பாய் மாகாணத்துப் பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராய்ப் புகுந்தார். பூனாவை அடுத்த கடக்வாசலா ஏரியில், வெள்ளம் வருங்கால் தாமே திறந்துகொள்ளும் மதகுக் கதவுகளை அமைத்துப் புகழ் பெற்றார். 1909-இல் மைசூர் அரசின் தலைமை எஞ்சினீயரானார். கண்ணம்பாடியில் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டும் வேலை 1911-இல் தொடங்கிற்று. 1912-இல் அவர் மைசூர்த் திவானாக அமர்ந்தார். அமர்ந்த அடுத்த ஆண்டிலேயே, 1913-இல், அவர் தலைமை தாங்கிய குழுவின் முயற்சியால் மைசூர் பாங்கி நிறுவப்பட்டது. அணை கட்டத் தொடங்கியவரே பாங்கியும் தொடங்கியதில் ஓர் ஒருமைப்பாடு உண்டு. மழைக்காலத்திற் சிதறியோடும் நீரைத் தேக்கி, வேண்டுங்கால் வேண்டும் வயலுக்கு விடுவது அணை. வீடுதோறும் சிறிது சிறிதாய்ச் சிதறிக் கிடக்கும் பணத்தைத் தேக்கி, தொழில் செய்வார்க்கு வேண்டுங்கால் விடுவது பாங்கி. கரை உறுதியாயிருத்தலும், மதகு காலத்தில் திறத்தலும், கடைமடைக்கும் நீர் எட்டுதலும் இரண்டிற்கும் பொதுவான இலக்கணம். அந்தப் பாங்கி 1960-இல் ஸ்டேட் பாங்கி ஆப் மைசூர் எனப் பெயர் பெற்று, 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாரத ஸ்டேட் பாங்கியோடு இணையும்வரை நூறாண்டுக்கு மேல் நிலவிற்று. விசுவேசுவரையா 1934-இல் இந்தியாவிற்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று நூல் எழுதினார். 1955-இல் பாரத ரத்னா விருது பெற்றார். அவர் பொறியியலைக் கைவிட்டார் என்று எவரேனும் கூறுவரோ?

அண்மைக் காலத்தவருள் ஒருவரையும் கூறி அமைவாம். டெல்லி ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் கற்று 1985-இல் பட்டம் பெற்ற ரகுராம் ராஜன் பொருளியலுக்குப் பெயர்ந்தார். 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாங்கித் தலைவரும் பொருளியல் அறிஞரும் கூடிய பேரவையில், நிதித்துறையின் புதுமைகள் உலகிற்கு மறைவான இடர்களைக் கூட்டியிருக்கக் கூடும் என்று அவர் எச்சரித்தார். அங்கிருந்தோர் பலர் அதனை விரும்பவில்லை. 2008-ஆம் ஆண்டில் பெரும் பாங்கிகள் சரிந்தபொழுது உலகம் அவ்வெச்சரிக்கையை நினைவு கூர்ந்தது. பின்னர் 2013 முதல் 2016 வரை அவர் நம் ரிசர்வ் பாங்கியின் கவர்னராக இருந்தார். பாலம் அழகாயிருக்கின்றது என்று யாவரும் புகழும்பொழுது, அது தாங்குமோ என்று கேட்பதே எஞ்சினீயரின் இயல்பு. அவ்வியல்பு நிதித்துறைக்கும் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

இதுகாறும் கூறியவற்றால் யாம் துணிந்தது இது. தராசு மாறலாம், தராசின் நா கோணலாகாது. இரும்பை நிறுத்தவன் பொன்னை நிறுத்தலும், பொன்னை நிறுத்தவன் கடனை நிறுத்தலும் தொழிற்பிழை ஆகா. நிறுக்குங்கால் நடுநிலை தவறுதலே பிழை. ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் கட்டளைக்கல்லாக வள்ளுவனார் வைத்தது அவரவர் செய்கையையே ஆகும். நம் தொழிற்கருவியை உவமையாக்கி அவர் உரைத்த அறம் நமக்கு மறக்கற்பாலதன்று.

ஆதலின், பெற்றோர்க்கு யாம் கூறுவது: மகன் துறை மாறினான் என்று மட்டும் வருந்தற்க. அவன் புகும் பாங்கி யாது, யாருடைய பணத்தை அவன் ஆளுகின்றான், இழப்பு நேரின் அது யார்மேல் இறங்கும் என்று கேளுங்கள். இவற்றிற்கு அவன் தெளிவான விடை தருவானாயின், அவன் கற்ற கல்வி அவனோடு சென்றிருக்கின்றது என்று தேறியிருங்கள். மகளிரும் இன்று பொறியியல் கற்று இத்துறை புகுகின்றனர். அவர்க்கும் இக்கேள்விகளே பொருந்தும்.

இளைஞர்க்கு யாம் கூறுவது: மாதச் சம்பளம் மிகுதி என்பது துறை மாறுதற்கு ஒரு காரணம் ஆகலாம், அதுவே முழுக் காரணம் ஆகலாகாது. உரைத்துப் பாராது எதனையும் ஏலாதிருத்தலும், பாரம் யார்மேல் இறங்குகின்றது என்று கேட்டலும், தம் கணக்கையும் பிறர் கணக்கையும் ஒரே வெளிச்சத்தில் வைத்தலும் நம் பட்டறைகள் நமக்குத் தந்த பழக்கங்கள். அவற்றை வாயிலில் விட்டுவிட்டு உட்புகாதீர்கள்.

சங்கத்தார்க்கு யாம் செய்யும் விண்ணப்பம் ஒன்றுண்டு. துறை மாறியவரிடம் கல்வி உதவியைத் திரும்பக் கேட்டல் என்னும் பேச்சை விடுத்து, அவரிடம் வேறொன்றைக் கேட்பது நலம். திங்கட்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சங்கக் கட்டடத்திற்கு வந்து, பட்டறைத் தொழிலாளர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் வரவு செலவு எழுதுதலையும், தண்டற் கடனின் உண்மை வட்டியைக் கண்டறிதலையும், பாங்கியில் முறையான தொழிற்கடன் பெறும் வழியையும் தமிழிலேயே கற்பிக்கட்டும். ஸ்டெவின் மறைவிலிருந்த வாய்பாட்டை வெளியிட்டதுபோல, நம் பிள்ளைகள் நம் தெருவில் அதனை வெளியிடுவாராக. அந்த 10 வாரக் கடனின் கணக்கை ஒரு குடும்பம் அறிந்து, அதனின்று தப்பி, அடகுக்குப் போகவிருந்த ஒரு துருத்தி பட்டறையிலேயே நிற்குமாயின், சங்கம் கொடுத்த உதவி வட்டியோடு திரும்பியதாகும்.